தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்களும் ரஷிய ஜனாதிபதியும்

(நமது வடாலா நிருபர்)

2018-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி, காலை நேரம். மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் இடையே தண்டவாளத்தில் நூற்றுக்கணக்கான வாலிபர்கள் உட்கார்ந்து விட்டார்கள். எல்லோரும் ரெயில்வேயில் அப்ரண்டீஸ் பயிற்சி முடித்தவர்கள். 'பயிற்சி கொடுத்த எங்களுக்கு வேலையும் கொடு' என்பது அவர்கள் கோரிக்கை. மத்திய ரெயில்வே மெயின் லைனில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓடவில்லை. போலீசார் தடியடி நடத்தினார்கள். கற்களும் பறந்தன.

அன்று நான் வடாலாவில் டிக்கெட் கவுண்டருக்குள் இருந்தேன். மெயின் லைனில் போக வேண்டிய கூட்டம் எல்லாம் ஹார்பர் லைனுக்கு திரும்பி விட்டது. பிளாட்பாரத்தில் கால் வைக்க இடம் இல்லை. "எங்கள் ஒரு நாள் கூலி போச்சே!" என்று கவுண்டர் கம்பியை பிடித்துக்கொண்டு கத்தினார்கள். மறைப்பானேன்? தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்களை நானும் மனசுக்குள் திட்டினேன். கொஞ்சம் வாய் விட்டும் திட்டினேன்.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அதைக் கேட்டு விட்டார். கோலிவாடா பக்கம் இருப்பவர். திருநெல்வேலிச் சீமை. ரெயில்வேயில் கலாசியாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவோம்.

"திட்டாதீங்க தம்பி. தண்டவாளத்துல வந்து ஒருத்தன் உக்காருறான்னா, போயி முறையிட அவனுக்கு வேற இடம் இல்லைன்னு அர்த்தம்" என்றார்.

அந்த வார்த்தை மனதில் தைத்து விட்டது. இதே போல ஒரு தேசமே தண்டவாளத்தில் உட்கார்ந்த கதை ஒன்று உண்டு. நடந்தது ரஷியாவில். அங்கே ஜனாதிபதியைப் பார்த்து 'இறங்கு' என்றார்கள். அவர் இறங்கினாரா? அந்த விவரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஜார் மன்னனும் ரெயிலும்

ரஷியாவில் ஆட்சிக்கும் ரெயிலுக்கும் பழைய பகை உண்டு. 1905-ம் ஆண்டு அக்டோபரில் ரெயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது நாடு முழுவதும் பரவியது. ஆலை நின்றது, கடை மூடியது. சர்வ வல்லமை படைத்த ஜார் நிக்கோலாஸ், மக்கள் பிரதிநிதிகள் சபை அமைப்பதாக அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. தென்ஆப்பிரிக்காவில் இருந்த காந்திஜி இந்தச் செய்தியைப் படித்தார். ஆளப்படுகிறவன் ஒத்துழைக்காவிட்டால் எந்த அரசனாலும் ஆள முடியாது என்ற பாடத்தை எடுத்துக்கொண்டு, தமது 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் எழுதினார்.

1917-ல் அதே ஜார் தலைநகருக்கு திரும்பி வரும்போது வழியை அடைத்து விட்டார்கள். வண்டி திசை மாறி பஸ்கோவ் ஸ்டேஷனுக்கு போய்ச் சேர்ந்தது. மார்ச் 15-ந் தேதி ரெயில் பெட்டிக்குள் இருந்தபடியே அவர் முடி துறந்தார். ஜாரின் வீழ்ச்சியைப் பற்றி நம் பாரதியாரும் பாட்டு எழுதினார்.

சோப்புக்காக ஒரு போராட்டம்

அதன் பிறகு 70 ஆண்டு காலம் தொழிலாளர் ஆட்சி என்று பெயர். அந்த ஆட்சியில் தொழிலாளர் வேலைநிறுத்தம் என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

1989-ம் ஆண்டு ஜூலை மாதம் அது உடைந்தது. அப்போது கோர்பசேவ் ஆட்சி. சைபீரியாவில் குஸ்பாஸ் என்ற நிலக்கரி பிரதேசம் இருக்கிறது. அங்குள்ள மெஸ்துரெசென்ஸ்க் என்ற ஊரில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். என்ன கோரிக்கை தெரியுமா? மற்ற கோரிக்கைகளுடன் சோப்பும் ஒன்று! கரியில் எட்டு மணி நேரம் கிடந்து விட்டு மேலே வருகிறவனுக்கு உடம்பு கழுவ சோப்பு கிடைக்கவில்லை. கடையில் இறைச்சி இல்லை, சர்க்கரை இல்லை.

வேலைநிறுத்தம் உக்ரைனில் உள்ள டான்பாஸ் வரை தீப்போல் பரவியது. லட்சக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். அரசாங்கம் இறங்கி வந்து கோரிக்கைகளை ஏற்பதாக எழுதிக் கொடுத்தது. எழுதியதெல்லாம் நடக்கவில்லை. 1991 மார்ச்சில் மீண்டும் வேலைநிறுத்தம். இந்த முறை சோப்பு கேட்கவில்லை. 'கோர்பசேவ் பதவி விலக வேண்டும்' என்று கேட்டார்கள்.

அவர்களுக்கு பக்கபலமாக நின்றவர் போரிஸ் எல்ட்சின். அவருக்கு இவர்களும் தோள் கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம் எல்ட்சின் ரஷிய ஜனாதிபதியாக தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆகஸ்டு 19-ந் தேதி மாஸ்கோவில் சிலர் ஆட்சியைப் பிடிக்க ராணுவத்தை இறக்கினார்கள். 'வெள்ளை மாளிகை' என்று அழைக்கப்படும் கட்டிடத்தின் முன்னால் டாங்கி மீது ஏறி நின்று எல்ட்சின் பேசினார். அந்த படத்தை உலகமே பார்த்தது. சதி தோற்றது. டிசம்பர் 25-ந் தேதி கோர்பசேவ் ராஜினாமா செய்தார்.

"தண்டவாளத்தில் படுப்பேன்"

மக்களின் வாழ்க்கை மோசமானால் தண்டவாளத்தில் போய்ப் படுத்துக்கொள்வேன் என்று எல்ட்சின் ஒரு சமயம் சொல்லியிருந்தார். தலைவர்கள் சொல்வதை ஜனங்கள் மறந்து விடுவார்கள் என்று நினைத்திருப்பார். ரஷிய ஜனங்கள் மறக்கவில்லை.

1992 ஜனவரி 2-ந் தேதி விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. விலைகள் தாறுமாறாக ஏறின. ஆயுள் முழுவதும் சேர்த்த சேமிப்பு கரைந்தது. பொதுச்சொத்தாக இருந்த ஆலைகளும் எண்ணெய்க் கிணறுகளும் சிலர் கைக்கு போயின. இதற்கெல்லாம் மேலே ஒரு கொடுமை, வேலை செய்தவனுக்கு சம்பளம் வரவில்லை. ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, மாதக்கணக்கில் பாக்கி. சுரங்கத் தொழிலாளிக்கும் இல்லை, பள்ளி ஆசிரியருக்கும் இல்லை, ஆஸ்பத்திரி நர்சுக்கும் இல்லை.

வாசகர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1-ந் தேதி வர வேண்டிய சம்பளம் 7-ந் தேதி வந்தால் நம் வீட்டில் என்ன பாடு? வாடகை, பால் கணக்கு, பள்ளிக்கூட பீஸ், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் தட்டுகிறது. ஐந்து மாதம், ஆறு மாதம் வராவிட்டால்?

1998 மே மாதம் குஸ்பாசில் உள்ள அன்செரோ-சுட்சென்ஸ்க் என்ற ஊரின் சுரங்கத் தொழிலாளர்கள் நேராக தண்டவாளத்துக்கு வந்தார்கள். அது சாதாரண தண்டவாளம் அல்ல. மாஸ்கோவில் இருந்து விளாடிவாஸ்டாக் வரை 9,288 கிலோ மீட்டர் ஓடும் சைபீரிய ரெயில் பாதை. மும்பையில் இருந்து சென்னைக்கு ஏறத்தாழ 1,280 கிலோ மீட்டர். அதைப் போல ஏழு மடங்கு! அவ்வளவு பெரிய தேசத்தின் கிழக்கையும் மேற்கையும் கட்டி வைத்திருக்கும் கயிறு அது. அதன் மீது உட்கார்ந்தார்கள். ஆசிரியர்களும் டாக்டர்களும் ஓய்வூதியக்காரர்களும் கூட வந்து உட்கார்ந்தார்கள். வடக்கே வொர்குட்டா பாதையிலும், தெற்கே ரோஸ்டோவ் பகுதியிலும் இதே கதை. நூற்றுக்கணக்கான வண்டிகள் வழியில் நின்றன. ரஷியப் பத்திரிகைகள் இதற்கு 'ரெயில் போர்' என்று பெயர் வைத்தன.

தண்டவாளத்தில் படுப்பேன் என்று சொன்னவர் மாளிகையில் இருந்தார். அவரை நம்பியவர்கள் தண்டவாளத்தில் இருந்தார்கள்.

மந்திரிகள் ஓடி வந்தார்கள். பாக்கியில் கொஞ்சம் கொடுத்தார்கள். மீதிக்கு தேதி போட்டார்கள். பாதை திறந்தது. தேதி வந்தது, பணம் வரவில்லை. ஜூலையில் மறுபடியும் தண்டவாளம்.

ஹெல்மெட் சத்தம்

ஜூன் மாதம் 11-ந் தேதி முதல் சுரங்கத் தொழிலாளர்களில் ஒரு கூட்டம் மாஸ்கோவுக்கே வந்து தங்கி விட்டது. இடம் எது தெரியுமா? 1991-ல் எல்ட்சின் டாங்கி மீது ஏறினாரே, அதே வெள்ளை மாளிகைக்கு பக்கத்தில் உள்ள சின்னப் பாலம். அங்கே கூடாரம் போட்டுக்கொண்டு, சுரங்க ஹெல்மெட்டுகளை கல் தரையில் 'டக் டக்' என்று தட்டினார்கள். வெயில் காலம் போய் அக்டோபர் குளிர் வரும் வரை தட்டினார்கள். 'எல்ட்சினே, பதவி விலகு' என்பது கோரிக்கை. ஏழு வருடத்துக்கு முன்னால் இதே தொழிலாளர்கள்தான் அவரை தூக்கி விட்டவர்கள்!

ஆகஸ்டு 17-ந் தேதி ரஷிய அரசாங்கம் கடன் கட்ட முடியாது என்று கையை விரித்தது. ரூபிளின் மதிப்பு சரிந்தது. 36 வயது பிரதமர் கிரியென்கோ வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 1999 மே மாதம் பாராளுமன்றத்தில் எல்ட்சினை நீக்க தீர்மானம் வந்தது. 300 ஓட்டு தேவை. அதிகபட்சமாக கிடைத்தது 283. தப்பினார். அதே ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி டெலிவிஷனில் தோன்றி ராஜினாமா செய்தார். உங்கள் கனவுகள் நிறைவேறாததற்கு மன்னியுங்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டார். அவர் கை காட்டியவர்தான் புதின்.

நம்முடைய 20 நாட்கள்

இதைப் படித்தபோது அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "நாங்களும் பாத்தோம்லா" என்றார்.

1974 மே 8-ந் தேதி தொடங்கிய அகில இந்திய ரெயில்வே வேலைநிறுத்தத்தை அவர் சொன்னார். ஏறத்தாழ 17 லட்சம் பேர். போனஸ், சம்பள உயர்வு, என்ஜின் ஓட்டுகிறவர்களுக்கு 8 மணி நேர வேலை ஆகியவை கோரிக்கைகள். தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டசை வேலைநிறுத்தத்துக்கு முன்பே, மே 2-ந் தேதி, கைது செய்து விட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் ஜெயிலுக்கு போனார்கள். குவார்ட்டர்சில் இருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பிரதமர் இந்திரா காந்தி அசையவில்லை. 20 நாளில், மே 27-ந் தேதி, வேலைநிறுத்தம் வாபஸ்.

அண்ணாச்சிக்கு அப்போது கல்யாணம் ஆகி எட்டு மாதம். "சாளுல (குடியிருப்பில்) அடுப்பு எரியணும்லா? மளிகைக் கடைக்காரரு நோட்டுல எழுதிக்கிட்டே அரிசி போட்டாரு. அந்தக் கடன் தீர தீபாவளி வந்துட்டு" என்றார்.

தோற்ற போராட்டம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் 1977 தேர்தலில் இந்திரா காந்தி தோற்றார். புதிய ரெயில்வே மந்திரி மது தண்டவதே, வேலை இழந்தவர்களை திரும்ப எடுத்தார். 1979-ல் போனசும் வந்தது. இன்று தசராவுக்கு முன்னால் எங்கள் கைக்கு போனஸ் வரும்போது, அது அந்த 20 நாள் பட்டினியில் விளைந்தது என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்?

பாஸ் போன பெரியவர்கள்

புதின் காலத்துக்கு வருவோம். எண்ணெய் விலை ஏறியது, சம்பளம் ஒழுங்காக வந்தது. அவருக்கு செல்வாக்கு கூடியது. ஆனால் 2005 ஜனவரியில் ஒரு காரியம் செய்தார். ஓய்வூதியக்காரர்களுக்கு இருந்த இலவச பஸ் பயணம், இலவச மருந்து முதலிய சலுகைகளை எடுத்து விட்டு, கையில் கொஞ்சம் பணம் கொடுப்பது என்று சட்டம் வந்தது. அந்தப் பணம் போதாது. கொட்டும் பனியில் கிழவர்களும் கிழவிகளும் நடு ரோட்டில் வந்து நின்றார்கள். மாஸ்கோ அருகே நெடுஞ்சாலையையே மறித்தார்கள். எழுபது வயதுப் பாட்டியை எந்தப் போலீஸ்காரன் அடிப்பான்? அரசாங்கம் பின்வாங்கியது. ஓய்வூதியம் உயர்த்தப்பட்டது. பல ஊர்களில் சலுகை விலை பாஸ் வந்தது.

2018-ல் ஓய்வு பெறும் வயதை ஆண்களுக்கு 60-ல் இருந்து 65 ஆகவும், பெண்களுக்கு 55-ல் இருந்து 63 ஆகவும் உயர்த்த திட்டம் போட்டார்கள். அறிவிப்பு வந்தது ஜூன் 14-ந் தேதி. மாஸ்கோவில் உலக கால்பந்து போட்டி தொடங்கிய நாள்! ஜனங்கள் பந்தை பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற எண்ணம் போலும். எதிர்ப்பு கிளம்பியது. புதின் டெலிவிஷனில் தோன்றி பெண்களுக்கு 60 என்று குறைத்தார். ஆண்களுக்கு குறைக்கவில்லை.

நாற்காலியை கேட்டால்?

வயிற்றுப் பிரச்சினைக்கு புதின் ஓரளவு இறங்கி வந்தார். நாற்காலியைப் பற்றிப் பேசினால் வேறு கதை. 2011 டிசம்பரில் நடந்த தேர்தலில் மோசடி என்று மாஸ்கோவில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். 2012 மே 6-ந் தேதி ஊர்வலத்தில் மோதல் நடந்தது. அடுத்த மாதமே சட்டம் வந்தது. அனுமதி இல்லாமல் கூடினால் 3 லட்சம் ரூபிள் வரை அபராதம். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது போர் தொடங்கியபோது எதிர்த்து வீதிக்கு வந்தவர்களை ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். ராணுவத்தைப் பற்றி 'பொய்ச் செய்தி' பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்று சட்டம் போட்டார்கள். எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி 2024 பிப்ரவரி 16-ந் தேதி வடதுருவப் பகுதிச் சிறையில் இறந்து போனார்.

ஹெல்மெட்டை தட்டியவர்களை எல்ட்சின் நான்கு மாதம் பாலத்தில் இருக்க விட்டார். அவர்கள் பேச்சை அவர் கேட்டாரா என்பது வேறு விஷயம். தட்ட முடிந்தது. அதற்குப் பிறகு வந்த காலத்தில் தட்டுகிற கையையே பிடித்துக்கொண்டு போய் விடுகிறார்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை

நாம் பிழைக்க வந்தவர்கள். வண்டி நின்றால் நமக்கு நஷ்டம்தான். ஒரு நாள் கூலி போகும். ஆபீசில் 'லேட் மார்க்' விழும். அதை யாரும் லேசாகச் சொல்ல முடியாது. கவுண்டரில் கத்தியவர்கள் கோபமும் நியாயமே.

அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். "அப்போ எங்களையும் இப்படித்தான் திட்டினாங்க தம்பி. திட்டட்டும். ஆனா எதுக்கு உக்காந்தோம்னு ஒருத்தனாவது கேட்டிருந்தா, அன்னைக்கு பசி தெரிஞ்சிருக்காது" என்றார்.

நாங்கள் இருக்கும் வடாலாவில், 1930-ல் உப்பளத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் புகுந்து உப்பு அள்ளினார்கள். ஜூன் 1-ந் தேதி மட்டும் சுமார் 15 ஆயிரம் பேர். அன்றும் தடியடி. அன்றும் யாரோ ஒருவருக்கு வேலைக்கு போக நேரம் ஆகியிருக்கும். அவரும் திட்டியிருப்பார்.

அடுத்த முறை வண்டி நின்றால் நானும் கடிகாரத்தை பார்ப்பேன். ஆனால் திட்டுவதற்கு முன்னால், 'எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள்?' என்று ஒரு தடவை கேட்பேன். அண்ணாச்சிக்கு அப்படி வாக்கு கொடுத்திருக்கிறேன்.