கடனுக்கு எழுதிய பாலிசி தொழிலுக்குப் போதுமா?

சேந்தமங்கலத்திலும் கொல்லிமலை அடிவாரத்துக் கிராமங்களிலும் வங்கிக் கடன் பெற்று, சேகோ ஆலையோ தீவனக் கிடங்கோ மளிகைக் கடையோ புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர், கடன் பத்திரத்தில் கையெழுத்திட்ட அன்றே வங்கியார் ஏற்பாடு செய்து, பிரீமியத்தையும் கணக்கில் பிடித்துக்கொண்ட பாலிசி ஒன்று இருப்பதனால், தம் தொழிலுக்கு வேண்டிய பாதுகாப்பு முழுவதும் கிடைத்துவிட்டதென்று நிம்மதி கொள்கிறார்கள். அந்த நிம்மதிக்குப் பெரும்பாலும் ஆதாரமில்லை. வங்கியின் கவலை தான் கொடுத்த பணத்தைப் பற்றியது. பாலிசித் தொகை பல சமயம் கடன் அளவோடு நின்றுவிடுகிறது. நஷ்டஈடும் முதலில் வங்கிக்கே போகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாம் சேர்ந்து 40 லட்சம் ரூபாய் பெறுமான சொத்தை 20 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தவர், தீயில் 10 லட்ச ரூபாய்ச் சரக்கு அழிந்தால் அந்தப் பத்து லட்சமாவது முழுமையாகக் கிடைக்கும் என்று நம்புவது இயல்பு. ஆனால் பாதி ஆபத்தை அவரே சுமக்க இசைந்ததாகக் கருதி, கம்பெனி 5 லட்சத்தோடு கையை விரித்துவிடும். பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்து எழுதுவது எவ்வளவு விபரீதம் என்பதை இந்த ஒரு கணக்கே உணர்த்தும்.

ஓரிடத்திலுள்ள சொத்து 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத சிறு தொழில்களுக்கென்றே, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி, 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசியை விற்கின்றன. தீ, இடி, புயல், வெள்ளம், கலவரம் ஆகியவை இதில் அடங்கும். மதிப்பில் 15 சதவீதம் வரையிலான குறைவு மன்னிக்கப்படும். ஆயினும் பூட்டை உடைத்துத் திருடுவது இதில் சேராது. அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். பண்ணைக் கோழிகளுக்கும் அப்படியே. இ.எஸ்.ஐ. இல்லாத ஆலையில் தொழிலாளிக்கு அங்கஹீனம் நேர்ந்தால், சட்டப்படி ஈடு கொடுக்கும் பொறுப்பு முதலாளியைச் சேர்ந்தது. அந்தப் பொறுப்புக்கும் காப்பீடு உண்டு. கிடங்கை வேறிடத்துக்கு மாற்றியவர்கள் புதிய விலாசத்தைப் பாலிசியில் ஏற்றத் தவறக்கூடாது.

நியாயமான கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் மனம் சோர்ந்துவிடலாகாது. முதலில் கம்பெனிக்கே எழுத்து மூலம் முறையிட வேண்டும். மறுத்தாலும், ஒரு மாதத்துக்குள் பதிலே வராவிட்டாலும், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் மனுச் செய்யலாம். தனியுரிமை வியாபாரிகளுக்கும் குறுந்தொழில்களுக்கும் இந்த வாசல் திறந்திருக்கிறது. கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பு வழங்க அவருக்கு அதிகாரமுண்டு. நுகர்வோர் ஆணையம் மற்றொரு வழி. வியாபாரத்துக்காகக் காப்பீடு எடுத்தவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று கம்பெனி கிளப்பிய வாதத்தை, 2002-ஆம் வருஷத்துக் குஜராத் கலவரத்தில் சொத்தைத் தீக்கு இழந்த ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது.