டர்பைன் இல்லாத மின்சாரம்

பண்ருட்டிப் பலாப்பழம் தோப்பிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் பல கை மாறுகிறது. நெய்வேலி நிலக்கரியின் வெப்பமும் அப்படித்தான். பாய்லரில் நீராவியாகி, டர்பைனைச் சுழற்றி, டர்பைன் ஜெனரேட்டரைச் சுழற்றிய பிறகே மின்சாரம். வெப்பத்தில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடுகிறது. நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் இடத்தில்தான் பெரிய இழப்பு.

டர்பைனுக்கு முன்பே, எரியும் வாயுவிலிருந்து நேராக மின்சாரம் எடுக்க முடியுமா? இதற்காகவே 1980களில் திருச்சியில் ஒரு சோதனை நிலையம் இயங்கியது. பாரத மிகுமின் நிறுவனமும் (பெல்) பாபா அணு ஆராய்ச்சி மையமும் சோவியத் ஒத்துழைப்போடு அமைத்த, 5 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட எம்.எச்.டி. (மேக்னெட்டோஹைட்ரோடைனமிக்) நிலையம் அது.

வாயு சாதாரணமாக மின்சாரத்தைக் கடத்தாது. அதை 2,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, சிறிதளவு பொட்டாசியம் உப்பைத் தூவினால் நிலைமை மாறுகிறது. பொட்டாசியம் அணு தன் வெளிவட்ட எலெக்ட்ரானை லேசாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது. அந்தச் சூட்டில் சில அணுக்களிலிருந்து அது கழன்றுவிடும். இப்படி எலெக்ட்ரான்கள் உதிர்ந்து திரியும் வாயுவே பிளாஸ்மா. அதை ஒரு குழாய் வழியே, ஒலியின் வேகத்தை ஒட்டியோ மிஞ்சியோ பீய்ச்சுகிறார்கள். குழாயின் இடமும் வலமும் வலுவான காந்தம். அந்தப் புலத்தைக் குறுக்கே கடக்கையில் நேர்மின் துகள்கள் ஒரு சுவருக்கும் எதிர்மின் துகள்கள் எதிர்ச்சுவருக்கும் ஒதுங்கும். மேலும் கீழும் பதித்த மின்வாய்களைக் கம்பியால் இணைத்தால் மின்சாரம். சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லை. மைக்கேல் பாரடே 1832இல் லண்டன் வாட்டர்லூ பாலத்தில், தேம்ஸ் நதியின் ஓட்டத்தையும் பூமியின் காந்தத்தையும் நம்பி இதையே முயன்றார். உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை.

காந்தம் எதையும் சும்மா தருவதில்லை. மின்சாரம் எடுக்க எடுக்க, அது வாயுவைப் பின்னுக்குத் தள்ளும். ஒலியை மிஞ்சி வரும் பிளாஸ்மாவை அளவுக்கு மீறித் தடுத்தால் குழாய்க்குள்ளேயே அதிர்ச்சி அலை எழும்: மெல்லிய படலம் ஒன்றைத் தாண்டுவதற்குள் வேகம் சரிந்து, அழுத்தமும் வெப்பமும் எகிறும். நொடிக்கு 400 கி.மீ. வேகத்தில் வரும் சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தில் மோதும்போதும் அதிர்ச்சி அலை பிறக்கிறது. விண்வெளிக்குரிய இயற்பியலை ஓர் உலைக்குழாய்க்குள் பிடித்து வைக்க முடியும் என்பதால்தான் இந்தத் துறையின்மேல் எனக்குத் தீராத ஈர்ப்பு.

ஆனால் உருகிய சாம்பலும் பொட்டாசியமும் மின்வாய்களை அரித்துத் தின்றன. புகையோடு போகும் பொட்டாசியத்தைத் திரும்பப் பிடிக்காவிட்டால் செலவு கட்டுப்படியாகாது. அதற்குள் எரிவாயு டர்பைனும் நீராவி டர்பைனும் சேர்ந்த நிலையங்கள் நல்ல திறனைக் காட்டிவிட, உலகெங்கும் எம்.எச்.டி. முயற்சி தளர்ந்தது. நெய்வேலிக்கென்று இன்னொரு தடையும் உண்டு. அங்குள்ள பழுப்பு நிலக்கரி, வெட்டியெடுக்கும்போதே ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஈரம். 2,500 டிகிரி கேட்கும் குழாயைக் கட்டுவதற்கு முன்னால், அதை உலர்த்த ஓர் ஆலை கட்ட வேண்டியிருக்கும்.