வந்தோர் நெய்த தெரு

குடிபெயர்ந்து வரும் மக்கள் தம் உழைப்போடு மொழியையும் உணவையும் வழிபாட்டையும் உடன் கொண்டுவருகின்றனர். அவ்வாறு வந்தோரால் உருப்பெற்ற பகுதிகளுள் ஒன்று, கிழக்கு இலண்டனில் உள்ள பிரிக் லேன். முற்காலத்தில் செங்கல், ஓடு சுடும் சூளைகள் இங்கு இருந்தமையால், 'செங்கல் தெரு' எனப் பொருள்படும் இப்பெயர் வழங்கலாயிற்று.

தறியும் தையலும்

1685இல் பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி, சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு இருந்த வழிபாட்டுரிமையை நீக்கினார். ஹியூகனாட்டுகள் எனப்பட்ட அவர்களுள் பலர் தப்பி வந்து, இத்தெருவை ஒட்டிய ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் பட்டு நெய்தனர். தறிக்கு ஒளி வேண்டி வீடுகளின் மேல்தளத்தில் அமைக்கப்பட்ட அகன்ற சாளரங்களை இன்றும் காணலாம். 1881க்குப் பின், உருசியப் பேரரசில் எழுந்த வன்முறைக்கு அஞ்சிய யூதர்கள் இங்குக் குடியேறித் தையல் தொழிலில் ஈடுபட்டனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வங்காளதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து பலர் வந்தனர். அவர்கள் ஆடை, தோல் தொழிற்கூடங்களிலும் உணவகங்களிலும் உழைத்தனர். மக்கள் மாறினும் துணியைச் சார்ந்த தொழில் தொடர்ந்தது.

ஒரே கூரையின் கீழ்

இம்மாற்றங்களுக்குச் சான்றாக ஒரு கட்டடம் நிற்கிறது. பிரிக் லேனும் ஃபோர்னியர் தெருவும் கூடும் முனையில், 1743இல் ஹியூகனாட்டுகள் அதனைத் தேவாலயமாக எழுப்பினர். 1819இல் அது மெத்தடிஸ்ட் திருச்சபையினரின் ஆலயமாயிற்று, 1898இல் யூதர்களின் தொழுகைக்கூடமாயிற்று, 1976இல் பள்ளிவாசலாயிற்று. புதிதாக வந்தோர் பழைய சுவர்களை இடிக்காமல், அவற்றினுள்ளேயே தமக்குரிய இடத்தை அமைத்துக்கொண்டனர்.

எதிர்ப்பும் உரிமையும்

எனினும், வந்தோர் அனைவரும் இன்முகத்தோடு வரவேற்கப்படவில்லை. 1936 அக்டோபர் 4 அன்று, யூத வெறுப்பைப் பரப்பிய பாசிசவாதிகள் கிழக்கு இலண்டன் வழியே அணிவகுக்க முயன்றனர். யூதரும் ஐரிஷ் தொழிலாளரும் பிறரும் அருகிலுள்ள கேபிள் தெருவில் ஒன்றுதிரண்டு அதனைத் தடுத்தனர். 1978 மே 4 அன்று, ஆடைத் தொழிலாளியான அல்தாப் அலி என்னும் வங்காள இளைஞர், பணி முடித்துத் திரும்பும் வழியில் இனவெறியால் கொல்லப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் அவரது சவப்பெட்டியைப் பின்தொடர்ந்து, பிரதமர் இல்லம் நோக்கி நடந்து நீதி கேட்டனர். அவர் தாக்கப்பட்ட இடத்தை அடுத்த பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இன்றைய நிலை

தெருப்பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்தோடு வங்காள எழுத்துகளும் காணப்படுகின்றன. யூதர் மரபிலான வளைய ரொட்டிக் கடையும் நடைபெறுகிறது. ஆயினும், வாடகை உயர்வால் சிறு கடைகளும் உணவகங்களும் குறைந்துவருகின்றன. ஒரு தெருவின் கட்டடங்களைக் காத்தால் மட்டும் அதன் மரபைக் காத்ததாகாது. அதனை உருவாக்கிய எளிய மக்கள் அங்கே தொடர்ந்து வாழவும் வழி வேண்டும்.