வண்டிக்குப் பின்னால் ஒரு வண்டி

மாட்டு வண்டியிற் பாரம் ஏற்றுவதைச் சிறு வயதிலே பார்த்தவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்னுஞ் சொற்கள் புதியனவல்ல. பாரம் முன்னே மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் நுகம் மேலெழும்பிக் கழுத்துக் கயிறு தொண்டையை நெரிக்கும். ஆகையால் அனுபவம் வாய்ந்த வண்டிக்காரர் மூடைகளை அடுக்கி முடித்ததும் நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்து, சிறிதளவு முன்பாரம் இருக்கும்படி இரண்டொரு மூடைகளை நகர்த்திய பின்னரே மாட்டைப் பூட்டுவார். அவர் பௌதிகம் படித்தவரல்லர். ஆயினும், இன்று பிரித்தானியாவின் நெடுஞ்சாலைகளிலே சிறிய எஸ்.யூ.வி. கார்களின் பின்னால் இழுவைப் பெட்டிகளைப் பூட்டிச் செல்வோர் கற்க வேண்டிய முதற் பாடம் அவர் அறிந்திருந்த அதுவேயாம்.

டிரெயிலர் எனப்படும் இவ்விழுவைப் பெட்டி அந்நாட்டுக் குடும்பங்களுக்குப் பலவாறு பயன்படுகிறது. பல்கலைக்கழகஞ் செல்லும் பிள்ளையின் தட்டுமுட்டுச் சாமான்களைக் கொண்டு செல்லவும், வீடு மாறவும், தோட்டத்துக் குப்பையை அகற்றவும் அதனை வாடகைக்கு எடுக்கின்றனர். அங்கு குடியேறிய நம்மவர் வீடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. 1997ஆம் ஆண்டு தொடக்கம் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் பாரமான பெட்டியை இழுப்பதற்குத் தனியாக ஒரு பரீட்சை எழுத வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16ஆந் திகதி முதல் இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் அப்பரீட்சை நீக்கப்பட்டு, சாதாரண கார் அனுமதிப்பத்திரம் உள்ள எவரும் 3500 கிலோகிராம் வரையுள்ள பெட்டியை இழுக்கலாம் என்றாயிற்று. பரீட்சை போய்விட்டமையால், முன்பு ஆசிரியர் கற்பித்ததைச் சாரதி இப்பொழுது தாமாகவே கற்றுக்கொள்ள வேண்டியவராகிறார்.

எஸ்.யூ.வி. என்ற பெயரும் அதன் உயரமும் பலரை மயக்குகின்றன. உயர்ந்து நிற்பதெல்லாம் இழுக்க வல்லது என்று எண்ணிவிடுகிறார்கள். சிறிய எஸ்.யூ.வி.க்களிற் பல, சாதாரணக் காரின் அடித்தளத்தின் மேல் உயரமான கூடு அமைத்துக் கட்டப்பட்டவை. காரின் உண்மையான வலுவை அறிய வேண்டுமானால், கதவருகிலோ இயந்திர மூடியின் கீழோ ஒட்டப்பட்டிருக்கும் சிறு தகட்டைப் பார்த்தல் வேண்டும். அதில் முதலாவது எண் கார் தன் சுமையுடன் இருக்கத்தக்க மிகக் கூடிய நிறை. இரண்டாவது எண் காரும் பெட்டியும் சேர்ந்து இருக்கத்தக்க நிறை. முதலாவது 2000, இரண்டாவது 3200 என்றால், முழுச் சுமையேற்றிய அக்கார் இழுக்கத்தக்கது 1200 கிலோகிராமே. இரண்டாவது எண் இல்லாத கார் இழுவைக்கு உரியதன்று.

பெட்டிக்குத் தனியே பிறேக் இல்லையாயின் கணக்கு மேலும் இறுகும். அத்தகைய பெட்டி 750 கிலோகிராமையோ, காரின் வெறும் நிறையிற் பாதியையோ, இவற்றுட் குறைந்ததைத் தாண்டலாகாது என்பது அந்நாட்டு விதி. கார் 1400 கிலோகிராம் என வைத்துக்கொண்டால் எல்லை 700 தான். சட்டமன்று, ஆயினும் அனுபவசாலிகள் கூறும் மற்றொரு கணக்கும் உண்டு: புதிதாக இழுக்கத் தொடங்குபவர், சுமையேற்றிய பெட்டியின் நிறை காரின் நிறையில் 85 சதவீதத்துக்கு மேற்படாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, பாரத்தை அடுக்கும் விடயத்துக்கு வருவோம். சென்ற கோடை விடுமுறையில் இலண்டனிலே உறவினர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தபோது, அவருடைய பிள்ளைகள் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தைப் பெட்டியின் கடைசியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இறக்கும்போது அதனை முதலில் இறக்கலாமாம்! அயல்வீட்டு முதியவர் ஒருவர் வேலியருகே வந்து நின்று, அதனை அச்சுக்கு நேரே நகர்த்துமாறு கூறினார். பிள்ளைகளுக்குச் சலிப்புத்தான், ஆனால் நகர்த்தினார்கள்.

முதியவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. பெட்டியின் முன்முனை காரின் கொளுவி உருண்டையை, பெட்டியின் மொத்த நிறையில் 5 முதல் 7 சதவீதம் வரை கீழ்நோக்கி அழுத்த வேண்டும். 1000 கிலோகிராம் பெட்டிக்கு இது 50 முதல் 70 கிலோகிராம் ஆகும். குளியலறையில் நிறை பார்க்கும் தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, பெட்டி மட்டமாக நிற்கும்படி அதன் முனையைக் கட்டையின் மேல் இருத்தினால் அழுத்தம் எவ்வளவு என்பதைத் தராசே காட்டும். அழுத்தம் குறைந்தால் பெட்டி பாம்புபோல் நெளியும். மிகுந்தாலோ, கொளுவி காரின் பின்னச்சுக்கு அப்பால் இருப்பதனால், நெம்புகோல்போல் காரின் முற்பக்கத்தைத் தூக்கிவிடும். முன்சில்லுகள் வீதியைச் சரிவரப் பற்றாது சுக்கான் சொற்கேளாமற் போகும். மேலும், இவ்வழுத்தமும் காரின் சுமையிற் சேர்ந்ததே.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. இரண்டு பாரங்களை அச்சின் மேல் வைத்தாலும், ஒன்றை முன்முனையிலும் மற்றதைப் பின்முனையிலும் வைத்தாலும் தராசு ஒரே எண்ணைக் காட்டக்கூடும். ஆனால் முனைகளிற் பாரமுள்ள பெட்டி ஒருமுறை அசையத் தொடங்கினால் அதனை அடக்குவது கடினம். இது சடத்துவத் திருப்பத்தின் வேலை. உடற்பயிற்சிக்கென ஓடும் பட்டியின் மேல் பொம்மைக் காரையும் பெட்டியையும் நிறுத்திக் காட்டும் பரிசோதனை ஒன்றுண்டு. பாரம் முன்னே இருக்கையில் பெட்டியை விரலால் தட்டினால் இரண்டொரு அசைவில் அடங்கிவிடும். அதே பாரத்தைப் பின்னே நகர்த்தித் தட்டினால், அசைவு பெருகிப் பெருகிக் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

வேகமும் அவ்வாறே. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரம்பு வேகம் உண்டு. அதற்குக் கீழே அசைவு தானாக அடங்கும், மேலே தானாக வளரும். பிரித்தானியாவில் இழுவையுடன் செல்லும் காருக்கு, நடுப்பிரிவு இல்லாத வீதிகளில் மணிக்கு 50 மைலும், பிரிவுள்ள வீதிகளிலும் அதிவேக நெடுஞ்சாலைகளிலும் 60 மைலுமே எல்லை. இறக்கத்தில் இறங்கும்போதும், பெரிய லொறி கடந்து செல்லும்போதும், குறுக்குக் காற்று வீசும்போதும் ஆபத்து மிகும். பெட்டி நெளியத் தொடங்கினால், பயந்து பிறேக்கை ஓங்கி மிதிப்பதும், சுக்கானை மாறி மாறித் திருப்புவதும், வேகத்தைக் கூட்டி இழுத்து நிமிர்த்த முயல்வதும் தவறு. சுக்கானை நேராகப் பிடித்துக்கொண்டு காலை வேகமிதியிலிருந்து மெதுவாக எடுத்தல் வேண்டும். வேகம் தணிய நெளிவும் தணியும். பின்னர் வண்டியை ஓரிடத்தில் நிறுத்திப் பாரத்தை மாற்றி அடுக்காமற் பயணத்தைத் தொடர்தல் ஆகாது.

புறப்படுமுன் டயர்களின் காற்றையும் பார்த்தல் அவசியம். மாதக்கணக்காக ஓரிடத்தில் நின்ற பெட்டியின் டயர், தேயாமலே வெடித்திருக்கும். விளக்குகள் எரிய வேண்டும். காரின் இலக்கமே பெட்டியின் பின்னும் இருக்க வேண்டும். பூட்டு விழுந்ததாவென்று கண்ணாற் பார்த்தால் மட்டும் போதாது. முன்தாங்கியைச் சுழற்றிப் பெட்டியை உயர்த்தும்போது காரின் பின்பக்கமும் கூடவே உயர்ந்தாற்றான் பூட்டு விழுந்தது என்று பொருள். பிறேக் உள்ள பெட்டிக்கு ஒரு மெல்லிய கம்பிவடம் உண்டு. பெட்டி கழன்றால் அது பிறேக்கை இழுத்துவிட்டு அறுந்துபோகும். பிறேக் இல்லாத பெட்டிக்குச் சங்கிலியே காவல்.

பயணிக்கும் பெட்டிக்குள் ஆட்களை ஏற்றுவதை அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. நமது ஊர்களில் லான்ட்மாஸ்டர் பெட்டியிலே பெண்களும் பிள்ளைகளும் நெருங்கி அமர்ந்து கோயிலுக்கும் வயலுக்கும் செல்வதைக் காணும்போதெல்லாம் எமக்கு அந்த ஒற்றைக் கொளுவியே நினைவுக்கு வருகிறது.

பின்னோக்கி ஓட்டுதல் தொடக்கத்திற் பலரையும் திணற வைக்கும். சுக்கானை ஒரு பக்கம் திருப்பப் பெட்டி மறுபக்கம் போகும். கையைச் சுக்கானின் அடிப்பகுதியில் வைத்து, பெட்டி எப்பக்கம் போக வேண்டுமோ அப்பக்கம் கையை நகர்த்தினாற் சரியாகும். நீண்ட பெட்டியை விடக் குட்டைப் பெட்டியே விரைவில் மடங்கிக் காரை இடிக்கும். வெறுமையான மைதானமொன்றில் அரைமணி நேரம் பழகிவிட்டு வீதிக்கு வரலாம்; மடங்கத் தொடங்கினால் முன்னே சிறிது ஓட்டி நேராக்கிக்கொண்டு மறுபடியும் தொடங்கலாம்.