சிலைக்கு முன் நிலம்

இந்தத் தொடரிலே பெரும்பாலும் நூல்களைப் பற்றியே பேசி வந்திருக்கிறேன். இன்று நூலை மூடிவைத்துவிட்டுச் சற்றே தெருவுக்கு வரலாம் என்று எண்ணுகிறேன். நகரங்களைப் புதுப்பிக்கும் திட்டங்களிலே சிலைகளும் சிற்பங்களும் நிறுவப்படுவது வழக்கம். யாரைக்கொண்டு செய்விப்பது, எவ்வளவு செலவாகும், திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்பன பற்றியெல்லாம் கூட்டங்களில் நெடுநேரம் பேசுவார்கள். எந்த இடத்திலே வைப்பது என்ற கேள்வி பெரும்பாலும் கடைசியிலே, எல்லோரும் எழும்பிப் போகும் வேளையிலேதான் வரும். "சந்தியிலே வைத்துவிடலாம்" என்று ஒருவர் சொல்வார். அதுவே தீர்மானமாகிவிடும்.

தமிழ் கற்பிக்கும் எனக்கு இது விந்தையாகப் படுகிறது. நமது செய்யுள் மரபிலே நிலமும் பொழுதுமே முதற்பொருள். கருப்பொருள், உரிப்பொருள் எல்லாம் அதன் பின்னரே. நெய்தற் கரையிலே மாலைப் பொழுதில் இரங்கி நிற்பவளைக் கொண்டுபோய்க் குறிஞ்சி மலையில் நிறுத்தினால் பாட்டே வேறாகிவிடும் என்று உயர்தர வகுப்பு மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் கல்லையும் வெண்கலத்தையும் மட்டும் எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்று இருந்துவிடுகிறோம்.

நம் முன்னோர் அப்படி இருக்கவில்லை. போரிலே பட்ட வீரனுக்குக் கல் நாட்டுவதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகளாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்களிலும் இந்த வரிசையைக் காணலாம். சங்கப் பாடல்களில் நடுகற்கள் வழியோரங்களிலே நிற்கின்றன. வழிப்போக்கர் கண்ணில் படவேண்டும், எழுதிய பெயரும் பெருமையும் அவர் வாயில் வரவேண்டும் என்பதே நோக்கம். யார் அவ்வழியே போவார்கள் என்பதை எண்ணிப் பார்த்த பின்னரே கல் நட்டார்கள் என்பது என் துணிபு.

இனி மேலைநாட்டுக்கு வருவோம். இடத்தைப் பற்றி ஒரு நகரம் முறையாகக் கூடி விவாதித்ததற்கு மிகப் புகழ்பெற்ற சான்று இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்திலே கிடைக்கிறது. மைக்கலாஞ்சலோ செதுக்கிய தாவீதின் சிலை, 17 அடி உயரமான வெண்பளிங்குச் சிலை, பேராலயத்தின் கூரையோரத்தில் உயரே நிறுத்தவென்றே செய்விக்கப்பட்டது. சிலை முடிவுறும் தறுவாயில், இதை அவ்வளவு உயரத்தில் ஒளித்து வைப்பதா என்ற எண்ணம் எழுந்தது. 1504 ஜனவரி 25 ஆந் திகதி ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட சபை கூடியது. லியனார்டோ டாவின்சி இருந்தார், பொட்டிசெல்லி இருந்தார். ஒரு கலைஞனின் படைப்பை எங்கே வைப்பது என்று அவனுடைய போட்டியாளரே கூடியிருந்து பேசிய கூட்டம் அது! அவர்கள் சொன்னவை எழுத்திலே பதிவாகி இன்றும் கிடைக்கின்றன.

பேராலயத்துக்கு அருகிலேயே வைக்கவேண்டும் என்றனர் சிலர். பளிங்கு மழைக்கும் வெயிலுக்கும் தாங்காது, ஆகையால் வளைவுகள் கொண்ட திறந்த மண்டபத்தின் கூரைக்குக் கீழே வைப்போம் என்றனர் வேறு சிலர். லியனார்டோவும் இந்தக் கட்சியே. இறுதியில் அரச மாளிகையின் வாசலே தெரிவாயிற்று. அங்கே வைத்ததும் சிலையின் பொருளே மாறிற்று. ஆலயத்தின் மேலிருந்தால் விவிலியத்து இளைஞன். மாளிகை வாசலில் நின்றால், கொடுங்கோலருக்கு எச்சரிக்கை சொல்லும் குடியரசின் காவலன். அதே பளிங்கு, அதே முகம். இடம் மட்டுமே வேறு. கொண்டு செல்லும்போது இரவிலே சிலர் கல்லெறிந்தார்கள் என்று அக்காலத்து நாட்குறிப்பு ஒன்று கூறுகிறது. பளிங்கு தாங்காது என்று சொன்னவர்களின் பேச்சும் வீண்போகவில்லை. 1873 இல் மூலச் சிலை உள்ளே, கலைக்கூடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. இன்று மாளிகை வாசலில் நிற்பது 1910 இல் வைத்த பிரதி.

எனக்கு மிகவும் பிடித்த கதை பிரான்சின் கடற்கரை நகரமாகிய கலேயில் நடந்தது. 1347 இல் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வேர்ட் ஏறத்தாழ ஒரு வருடம் முற்றுகையிட்ட பின் அந்நகரம் பட்டினியால் பணிந்தது. ஊர்ப் பெரியோர் ஆறுபேர் கழுத்திலே கயிற்றுடன், கோட்டைச் சாவியை ஏந்தியவராய், ஊரைக் காக்கத் தம்மைப் பலிகொடுக்க முன்வந்தனர். அரசி மன்றாடியதால் உயிர் தப்பினர் என்பது வரலாற்றாசிரியர் கூற்று. 1884 இல் நகரசபை இவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பத் தீர்மானித்தது. அக்காலத்திலே கலே பக்கத்து ஊரோடு இணைக்கப்பட்டு விரிவடைந்துகொண்டிருந்தது. பழைய மதில்கள் இடிக்கப்பட்டன. ஊர் தன் பழைய உருவத்தை இழக்கும் வேளையிலே பழைய வீரரை நினைத்துக்கொண்டது. நகரைப் புதுப்பிக்கும் எந்தத் திட்டத்திலும் இந்தத் தவிப்பு எங்கோ ஓரிடத்தில் இருக்கும்.

வேலையை ஏற்ற சிற்பி ஓகுஸ்த் ரொடான், வெற்றி வீரரைப் போல நிமிர்ந்து நிற்கும் உருவங்களைச் செய்யவில்லை. சாவை நோக்கி நடக்கும் ஆறு மனிதரைச் செய்தார். ஒருவர் தலையைக் கைகளிலே புதைத்துக்கொள்கிறார். ஒருவர் திரும்பிப் பார்க்கிறார். கைகால்கள் பெரிதாக, கயிறும் சட்டையும் கனத்துத் தொங்குகின்றன. இந்த ஆறுபேரையும் பீடமில்லாமல், நகர மண்டபத்தின் முன்னே தரையோடு தரையாக நிறுத்தவேண்டும் என்பது ரொடானின் ஆசை. கடைக்குப் போகிற கலேவாசி ஒருவர் அவர்களுடைய தோளை உரசிக்கொண்டு போகவேண்டும். நம்மைப் போன்றவர்தாமே இவர்கள் என்று உணரவேண்டும்.

நகரசபைக்கு இது பிடிபடவில்லை. 1895 இல் ஒரு பூங்காவின் முன்னே, உயர்ந்த பீடத்தின் மீது, சுற்றிலும் இரும்பு வேலியுடன் நிறுவிவிட்டார்கள். பீடத்தில் ஏற்றியதும் தயங்கி நடந்த மனிதர் வழக்கமான சிலைகளாகிவிட்டனர். ரொடான் 1917 இல் காலமானார். 1924 இலேதான் அந்தச் சிற்பம் புதிய நகர மண்டபத்தின் முன் தாழ்ந்த தளத்துக்கு இறங்கி வந்தது. பீடத்தின் உயரமும் இடத்தெரிவைச் சேர்ந்த விடயம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. (நம் ஊர்களிலே புலவருக்குச் சிலை வைத்தாலும் கழுத்து நோக அண்ணாந்து பார்க்கும்படியே வைக்கிறோம், புலவர்கள் அத்தனை உயரத்திலிருந்து பாடியவர்களா?)

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே நிலைமை மாறுகிறது. பழைய நகர மையங்களை இடித்துப் புதிய சதுக்கங்களையும் கந்தோர்க் கட்டடங்களையும் எழுப்பும் பெருந்திட்டங்கள் அமெரிக்காவிலே தொடங்கின. 1959 இல் பிலடெல்பியா நகரம், கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு வீத அளவிலான பணத்தைக் கலைக்கு ஒதுக்கும் விதியைக் கொண்டுவந்தது. பிற நகரங்களும் பின்பற்றின. நல்ல விதிதான். ஆனால் அதற்குள்ளே ஒரு பொறி இருக்கிறது. பணம் கட்டடத்தோடு வருவதால் கலையும் கட்டடத்தின் முற்றத்துக்கே போய்ச் சேருகிறது. இடத்தை எவரும் தெரிவதில்லை. வரைபடத்திலே மீந்துபோன வெற்றிடமே இடமாகிவிடுகிறது.

மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தின் புதிய சதுக்கமும் அப்படிப்பட்ட வெற்றிடமே. 1969 இல் அலெக்சாண்டர் கோல்டரின் 43 அடி உயரமான செந்நிற உருக்குச் சிற்பம் அங்கே நிறுவப்பட்டது. பொது இடக் கலைக்கென அமெரிக்கத் தேசிய கலை நிதியம் தொடங்கிய திட்டத்தில் உருவான முதற் படைப்பு இது. நிதியம் கொடுத்தது 45,000 டொலர். மிகுதியை ஊரார் திரட்டினர். 'பெரு வேகம்' என்ற பொருள்தரும் பிரெஞ்சுப் பெயரை ஆற்றின் பெயராலமைந்த ஊர்ப்பெயரோடு சிலேடையாகப் பொருத்தினார் கோல்டர். தொடக்கத்தில் ஊரிலே பெரும் எதிர்ப்பு. அவ்வூரின் காங்கிரஸ் உறுப்பினராயிருந்து பின்னர் ஜனாதிபதியான ஜெரால்ட் போர்ட், கோல்டர் என்றால் என்னவென்றே அப்போது தமக்குத் தெரியாது என்று பிற்பாடு சொன்னார். நாளடைவில் அந்தச் சிவப்பு வளைவு நகரத்தின் சின்னமாகி, குப்பை வண்டியிலும் இடம்பிடித்தது. அதன் கீழே நுழைந்து நடக்கலாம். சிறுவர் ஓடி விளையாடலாம். அடுத்த ஆண்டிலிருந்து கலைவிழாவும் அதைச் சுற்றியே நடக்கத் தொடங்கிற்று.

ஆயினும் இன்னொன்றையும் சொல்லவேண்டும. அதே 1969 இலேதான், அதே புதுப்பித்தல் திட்டத்துக்காக, அவ்வூரின் பழைய நகர மண்டபம் இடிக்கப்பட்டது. பெண்ணொருவர் இடிக்கும் இயந்திரத்தின் இரும்புக் குண்டோடு தம்மைச் சங்கிலியாற் பிணைத்து மறித்துப் பார்த்தார். பயனில்லை. சிற்பம் அழகானதுதான், ஆனால் இடித்ததை மறக்கச் செய்யும் பூச்சாகவும் கலை பயன்படுகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

இதற்கு நேர் எதிரான கதை நியூயோர்க்கிலே. மன்ஹற்றனில் மத்திய அரசின் கந்தோர்கள் உள்ள கட்டடத்தின் முன் ஒரு சதுக்கம். 1979 இல் ரிச்சர்ட் செரா என்ற சிற்பியிடம் அதற்கொரு படைப்பை அரசு கேட்டது. 1981 இல் அவர் நிறுவியது 120 அடி நீளமும் 12 அடி உயரமும் கொண்ட, சற்றே சாய்ந்த, துருவேறிய உருக்குச் சுவர். 'சாய்ந்த வில்' என்று பெயர். சதுக்கத்தைக் குறுக்கே வெட்டி நின்றது. செரா அந்த இடத்தை அலட்சியம் செய்தவர் அல்லர். யார் எவ்வழியால் நடக்கிறார்கள் என்று அளந்து, அந்த நடையை மாற்றவேண்டும், நடப்பவர் தம் நடையையே உணரவேண்டும் என்று கருதிச் செய்தவர். கலை என்ற அளவிலே அது வலிமையான படைப்பு என்றே நான் எண்ணுகிறேன்.

ஆனால் அங்கே வேலை செய்தவர்களை எவரும் கேட்கவில்லை. காலையிலும் மாலையிலும் நேராகக் கடந்த முற்றத்தை அவர்கள் சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. மதிய உணவை வெளியிலே இருந்து உண்ணும் இடம் மறிபட்டது. சில மாதங்களுக்குள்ளேயே 1,300 பேர் மனுவிலே கையொப்பமிட்டனர். 1985 மார்ச்சில் மூன்று நாள் பகிரங்க விசாரணை நடைபெற்றது. பேசிய 180 பேரில் 122 பேர் சிற்பம் இருக்கட்டும் என்றனர். 58 பேர் அகற்றுங்கள் என்றனர். இருக்கட்டும் என்றவர்களிலே கலைஞரும் விமர்சகரும் நிறைய இருந்தனர். அன்றாடம் அதைச் சுற்றி நடக்கவேண்டியவர்களின் குரல் அந்த எண்ணிக்கையிலே அமுங்கிப்போயிருந்தாலும் விசாரித்த குழு அகற்றவே பரிந்துரைத்தது. வேறிடத்துக்கு மாற்றலாமே என்றதற்கு, இந்த இடத்துக்கென்றே செய்ததை இடம் மாற்றுவது அழிப்பதற்குச் சமம் என்றார் செரா. வழக்குகளில் அவர் தோற்றார். 1989 மார்ச் 15 ஆந் திகதி இரவு சுவர் துண்டுகளாக வெட்டி ஏற்றிச் செல்லப்பட்டது. 2024 இல் செரா காலமாகும்வரை அது எங்கும் மறுபடி நிறுவப்படவில்லை.

நிலத்தை அளந்தார்கள், நிலத்தில் இருப்பவரைக் கேட்கவில்லை. கோல்டரின் சிற்பத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு உருக்கிலே இல்லை என்பது என் கருத்து. ஓரிடத்தைத் தெரியும்போது ஒரு முழுநாள் அங்கே போய் நிற்கவேண்டும். காலையில் யார் வருகிறார்கள், நண்பகல் நிழல் எங்கே விழுகிறது, கிழவர்கள் எந்தக் கட்டிலே குந்துகிறார்கள், கச்சான் விற்பவர் எங்கே கூடையை இறக்குகிறார், மழை வெள்ளம் எப்பக்கம் ஓடுகிறது என்று பார்க்கவேண்டும். நடப்பவருக்கு நுணுக்கமான வேலைப்பாடு தெரியும். பஸ்ஸிலே போகிறவருக்குப் பெரிய வடிவம் மட்டுமே தெரியும். சுற்றுவட்டத்தின் நடுவிலே வைத்த சிலைக்கு அருகே போகவேண்டுமானால் உயிரைக் கையிலே பிடித்துக்கொண்டு வீதியைக் கடக்கவேண்டும். அதன் அடியிலே பொறித்த வரிகளை வாசித்தவர் யார்? போஸ்டர் ஒட்டுகிறவர்களைத் தவிர.

2009 க்குப் பிறகு எமது நகரங்களிலும் வீதிகள் அகலமாயின, சந்திகள் புதுப்பிக்கப்பட்டன. எமது சந்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு நினைவு உண்டு. சிலருக்கு அது கடை இருந்த இடம். சிலருக்குப் பிள்ளையைக் கடைசியாகக் கண்ட இடம். வெறும் நிலம் என்று வரைபடத்திலே தெரிவது அவர்களுக்கு வெறும் நிலமன்று. அங்கே அலங்கார நீரூற்று ஒன்றை வைப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இங்கிலாந்தின் வடக்கேயுள்ள கேற்ஸ்ஹெட் நகரசபை இடத்தையே முதலிற் தெரிவு செய்தது. மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கமொன்றின் குளிப்பறைகள் இருந்த நிலத்தைச் சீர்செய்து, நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் அருகே செல்லும் அந்த மேட்டிலே ஏதாவது வைக்கவேண்டும் என்று தீர்மானித்த பின்னரே சிற்பியைத் தேடினார்கள். 1994 இல் அன்ரனி கோம்லி தெரிவானார். 20 மீற்றர் உயரமும் 54 மீற்றர் சிறகு விரிவும் கொண்ட 'வடக்கின் தேவதை' 1998 பெப்ரவரியில் எழுந்தது. காலுக்குக் கீழே நிலத்தினுள்ளே மனிதர் தலைமுறை தலைமுறையாக இருட்டில் வேலை செய்தார்கள் என்ற நினைவோடு வெளிச்சத்திலே நிற்கும் உருவம் இது என்பது சிற்பியின் விளக்கம். வாகனத்திலே விரைபவர் சில கணங்களே பார்க்க முடியும் என்பதால் உருவம் எளிமையானது, சிறகு நேரானது. அங்கும் எதிர்ப்பு இருந்தது; உள்ளூர்ப் பத்திரிகைகள் கேலி செய்தன. நிறுவிய சில மாதங்களுக்குள்ளேயே உதைபந்தாட்ட ரசிகர்கள் பெரியதொரு ஆட்டச் சட்டையைத் தைத்துக் கொண்டுவந்து, கயிறு வீசி, தேவதையின் கழுத்திலே மாட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் ஆதரித்த அணியின் நட்சத்திர வீரருடைய பெயரும் இலக்கமும் அந்தச் சட்டையின் முதுகிலே இருந்தன.