யார் பக்கத்தில் யார் உட்கார்வது?

சாத்தூர் தொகுதியில் 1957, 1962 தேர்தல்களில் வென்ற காமராசர், முதலமைச்சராக இருந்து ஊர்தோறும் ஆரம்பப் பள்ளிகளைத் திறந்தார். ஆனாலும் நம் வட்டாரப் பிள்ளைகள் பலர் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேலைக்குப் போனார்கள். அவர்களை மீட்க 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்தது. 1996-இல் சிவகாசி வழக்கில், சட்டத்தை மீறிப் பிள்ளையை வேலைக்கு வைத்தவர் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இப்படிப் போராடித்தான் நம் பிள்ளைகள் வகுப்பறைக்குள் வந்தார்கள். அந்த வகுப்பறை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பதும் நம் உரிமைதான்.

பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில், ஐந்தாண்டுகளில் சுமார் 7,500 கோடி ரூபாய் செலவில் வகுப்பறைகள் கட்டுவதாக அரசு அறிவித்தது. 2023 முதல் பணிகள் நடக்கின்றன. நம் ஊருக்குக் கட்டிடம் வரும்போது, திறப்பு விழாவுக்குக் கைதட்டுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது.

முதலில் வெயிலைப் பார்ப்போம். கட்டிடம் கிழக்கு மேற்காக நீண்டிருந்தால் குறுகிய சுவர்களில்தான் காலை, மாலை வெயில் படும். வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிரே சன்னல் வைத்தால் காற்று ஓடும். மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே சூடு குறையும். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறிக்கு அதில் பாதி கூட வேண்டாம்.

அடுத்தது மண். நம் கரிசல் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதற்கேற்ற அஸ்திவாரம் இல்லாவிட்டால் சுவர் விரிசல் விடும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததை மறக்க முடியுமா?

மூன்றாவது, பிள்ளைகள் உட்காரும் விதம். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது செயல்வழிக் கற்றல். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகை இருந்தது. ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார். பாடத்தில் முன்னேற முன்னேறக் குழு மாறியது. குழு மாறினால், 'இவன் இடம் கடைசி பெஞ்சு' என்று ஒரு பிள்ளையை நிரந்தரமாக ஒதுக்க முடியாது. நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும், மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. சாதி வகுப்பறைக்குள்ளும் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பதால்தான் இப்படியொரு பரிந்துரையே தேவைப்படுகிறது.

கட்டிடம் மட்டுமே சாதியை ஒழித்துவிடாது. ஆனால் வட்டமாக உட்கார இடமுள்ள அறை, எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் கூடம், எல்லோருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய், காலனிப் பிள்ளைகள் பயமில்லாமல் நடந்து வரக்கூடிய இடம் ஆகியவை இருந்தால், ஒதுக்க நினைப்பவர்களுக்கு அது எளிதாக இருக்காது.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கும் உரிய பங்கு உண்டு. பட்டாசு ஆலைக்குப் போகும் நம் தாய்மார்கள் ஒருநாள் கூலியை இழக்காமல் வரும்படி, கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்வோம். கட்டிட வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்போம். படிக்கும் தம்பி தங்கைகள் அதை அம்மா அப்பாவுக்கு விளக்கிச் சொல்லுங்கள். குறை இருந்தால், அஸ்திவாரம் தோண்டும் முன்பே கிராம சபையில் எழுந்து பேசுவோம்.