கணிப்பொறி ஆட்டத்துக்குக் கூண்டு கட்டுவது எப்படி?

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல் வழியாகக் கரூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஒரு வினோதமான வண்டியை நம்மில் பலர் கண்டிருப்போம். அதற்குக் கூரை இல்லை. பக்கச் சுவர் இல்லை. பயணிகள் இருக்கையும் இல்லை. எஞ்சின், சக்கரங்கள், நீண்ட இரும்புச் சட்டம் ஆகியவை மட்டுமே உண்டு. வெயிலுக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டுநர் அதை ஓட்டிச் செல்வார். இதுதான் 'சேசிஸ்' எனப்படும் அடிச்சட்டம். அசோக் லேலண்ட் நிறுவனம் 1980இல் ஓசூரில் தன் தொழிற்சாலையைத் தொடங்கியது. இத்தகைய தொழிற்சாலைகளிலிருந்து வரும் அடிச்சட்டங்களின்மேல் பஸ்களுக்குக் கரூரிலும், லாரிகளுக்கு நாமக்கல், திருச்செங்கோட்டிலும் கூண்டு கட்டுகிறார்கள். ஒரே வகை அடிச்சட்டம் ஓரிடத்தில் நகரப் பேருந்தாகவும், வேறோரிடத்தில் தொலைதூரப் பேருந்தாகவும் உருவெடுக்கிறது. கூண்டு கட்டுபவர் எஞ்சினைப் பிரிப்பதில்லை. தொழிற்சாலை விட்டுவைத்த இடங்களில் தம் வேலையைப் பொருத்துகிறார்.

கணிப்பொறி ஆட்டங்களிலும் இத்தகைய கூண்டு கட்டும் தொழில் ஒன்று உண்டு. அதன் பெயர் 'மோட்'. மாறுதல் என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் இது. ஆட்டத்தைச் செய்த நிறுவனம் அல்லாமல், அதை ஆடுபவர்களே செய்து சேர்க்கும் பகுதி மோட் ஆகும்.

தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு இது புதிதன்று. இந்தோனேசியாவின் மலேயோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட பேருந்து ஓட்டும் ஆட்டம் ஒன்றில், நம் அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளின் வண்ணத்தையும் எழுத்துகளையும் அப்படியே வரைந்து சேர்த்திருக்கிறார்கள். இந்தோனேசியச் சாலையில் தமிழ்நாட்டுப் பேருந்து ஓடுகிறது! ஆனால் மோட் கலை மிக விரிவாக வளர்ந்திருப்பது மாயக்கதை ஆட்டங்களில்தான். ஆடுபவர் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்று, கற்பனை நாடு ஒன்றில் உலவும் ஆட்டங்கள் இவை. அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் 2011 நவம்பர் 11 அன்று வெளியிட்ட 'ஸ்கைரிம்' இவ்வகையில் புகழ்பெற்றது. மோட் செய்வதற்கான கருவியையும் அந்நிறுவனமே 2012 பிப்ரவரியில் வெளியிட்டது. ஸ்கைரிமை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மோட் எவ்வாறு இயங்குகிறது, எங்கே பழுதாகிறது என்பதைக் காண்போம்.

ஆட்டத்தின் உறுப்புகள்

ஆட்டத்தின் எஞ்சின் ஒரு மென்பொருள். அது தானாக எந்த மலையையும் மனிதனையும் அறியாது. அவையெல்லாம் தனித்தனிக் கோப்புகளில் உள்ளன. ஒரு குடத்தின் வடிவம் ஒரு கோப்பில் இருக்கும். இது முக்கோணங்களால் பின்னிய வலை. குடத்தின் மேல் ஒட்டப்படும் வண்ணப்படம் வேறொரு கோப்பு, இதுவே 'டெக்ஸ்சர்'. நாம் மேற்பரப்புப் படம் எனலாம். குடம் எந்த ஊரில், எந்த வீட்டில் இருக்கிறது, அதன் விலை என்ன என்னும் விவரங்கள் பதிவேடு போன்ற மற்றொரு கோப்பில் இருக்கும்.

மேற்பரப்புப் படத்தை மட்டும் மாற்றினால் குடத்தின் தோற்றம் மாறும். இதுபோன்ற படங்களின் தொகுதியே டெக்ஸ்சர் பேக். பதிவேட்டில் மாற்றம் செய்தால் ஆட்டத்தின் போக்கே மாறும்.

பின்னால் வந்தது வெல்லும்

மூலக் கோப்பை அழித்து எழுதாமல் எப்படி மாற்றம் செய்கிறார்கள்? எஞ்சின் பதிவேடுகளை ஒரு வரிசைப்படி படிக்கிறது. ஒரே பொருளைப் பற்றி இரண்டு பதிவேடுகள் பேசினால், வரிசையில் பின்னால் வந்ததை ஏற்றுக்கொள்கிறது. இதை 'ஏற்று வரிசை' என்பர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு சத்திரக்காரனைப் பற்றிய பதிவில் அவனது முகம், உடை, ஆயுதம் எல்லாம் அடங்கும். ஒரு மோட் அவன் ஆயுதத்தை மாற்றுகிறது. மற்றொன்று முகத்தை மாற்றுகிறது. இரண்டையும் சேர்த்தால் இரண்டு மாற்றமும் கிடைக்கும் என்று எண்ணுவோம். கிடைக்காது. பின்னால் வந்த பதிவு முழுவதுமாக முன்னதை மூடிவிடும். இரண்டும் வேண்டுமானால், இரண்டையும் இணைத்த மூன்றாவது பதிவொன்றை எழுதி இறுதியில் வைக்க வேண்டும். இதனை 'ஒட்டு' எனலாம்.

கருத்துப்போன முகம்

மோட் சேர்த்த பலர் காணும் விந்தை ஒன்று: ஊர் மக்களில் ஒருவர் முகம் மட்டும் கரி பூசியதுபோல் கருத்திருக்கும், உடல் இயல்பான நிறத்தில் இருக்கும். இதன் காரணம் எளிது. பதிவேடுகளுக்கு ஒரு வரிசை இருப்பதுபோல், படம், வடிவம் முதலிய கோப்புகளுக்குத் தனி வரிசை உண்டு. முகத்தைப் பற்றிய பதிவு முதல் மோட்டிலிருந்தும், முகத்தின் வடிவக் கோப்பு இரண்டாவது மோட்டிலிருந்தும் வென்றால் இரண்டும் பொருந்துவதில்லை. முகம் கருக்கிறது. இரண்டு வரிசையிலும் ஒரே மோட் வெல்லும்படி அமைத்தால் முகம் தெளிந்துவிடும்.

எட்டு இலக்க முகவரி

எத்தனை மோட்களைச் சேர்க்கலாம்? இதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆட்டத்தின் ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு இலக்க எண் ஒன்று உண்டு. இது நாம் எழுதும் பதின்ம எண் அன்று. ஓர் இலக்கம் 16 மதிப்புகளைப் பெறக்கூடிய முறை. முதல் இரண்டு இலக்கங்கள் பொருள் எந்தப் பதிவேட்டைச் சேர்ந்தது என்று சொல்லும். மீதி ஆறு இலக்கங்கள் அப்பதிவேட்டுக்குள் அதன் எண்.

இரண்டு இலக்கங்களில் 16 × 16 = 256 எண்களே உண்டு; அதாவது 0 முதல் 255 வரை. இவற்றுள் 255 என்பது ஆடும்போதே தோன்றும் பொருள்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2016இல் வெளிவந்த சிறப்புப் பதிப்பில் 254 என்பது 'இலகுப் பதிவேடு' எனப்படும் சிறிய மோட்களுக்கு ஒதுக்கப்பட்டது. எனவே முழுப் பதிவேடுகள் 254க்கு மேல் இயலா. இலகுப் பதிவேடுகளோ அடுத்த மூன்று இலக்கங்களையும் தம்மைக் குறிக்கப் பயன்படுத்துவதால் 16 × 16 × 16 = 4,096 வரை இடம்பெறலாம். ஒரு தெருவில் இடம் தீர்ந்ததும், கடைசி மனையில் அடுக்குமாடி கட்டிப் பலரைக் குடியேற்றுவது போன்ற உபாயம் இது.

படம் பெரிதானால் அழகு கூடுமா?

டெக்ஸ்சர் பேக்குகளைத் தேடும்போது '1கே', '2கே', '4கே' என்று எழுதியிருப்பதைக் காணலாம். '4கே' படம் அகலத்தில் 4,096 புள்ளிகளும் உயரத்தில் 4,096 புள்ளிகளும் கொண்டது. மொத்தம் 1,67,77,216 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 64 மெகாபைட் ஆகிறது. வழக்கமான சுருக்க முறை ஒன்றில் புள்ளிக்கு ஒரு பைட் போதும். அப்போது 16 மெகாபைட்.

இதோடு முடிவதில்லை. தொலைவில் உள்ள பொருளுக்குப் பெரிய படம் தேவையில்லை. ஆகவே பாதி அளவு, அதில் பாதி, அதிலும் பாதி என்று ஒரு புள்ளியில் முடியும் வரை சிறிய நகல்களையும் கோப்பில் வைக்கிறார்கள். நீளமும் அகலமும் பாதியானால் பரப்பு கால் பங்காகும். 1 + 1/4 + 1/16 + ... என்னும் தொடரின் கூட்டுத்தொகை 4/3 என்பதைப் பள்ளிக் கணக்கில் படித்திருப்பீர்கள். எனவே 16 மெகாபைட் சுமார் 21 மெகாபைட்டாகிறது. இத்தகைய நூறு படங்கள் 2 ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகத்தை விழுங்கும். நிறத்துக்கு ஒரு படம், மேடுபள்ளத்துக்கு ஒரு படம் என ஒரே பொருளுக்கு இரண்டு படம் வேண்டியிருப்பதும் உண்டு.

இப்போது திரையைப் பாருங்கள். 1,920 × 1,080 அளவுள்ள திரையில் மொத்தமே 20,73,600 புள்ளிகள்தாம். மேசைமேல் இருக்கும் ஒரு சிறு குவளைக்கு '4கே' படம் ஒட்டினால், முழுத் திரையைப் போல் எட்டு மடங்கு புள்ளிகளை அந்தக் குவளைக்குக் கொடுத்தவர்களாவோம்! கண்ணுக்கு அது தெரியப்போவதில்லை, நினைவகம்தான் நிரம்பும். மலை, கோட்டைச் சுவர் ஆகியவற்றுக்குப் பெரிய படமும், சிறு பொருள்களுக்கு '1கே' படமும் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. தனி வரைகலை அட்டை இல்லாத வீட்டுக் கணிப்பொறியில், வரைகலைக்கும் மற்ற வேலைகளுக்கும் நினைவகம் ஒன்றே. ஆகவே அங்கே இந்தச் சிக்கனம் இன்றியமையாதது.

தொழிற்சாலை துளையை மாற்றினால்

அடிச்சட்டத்தில் உள்ள துளைகளை நம்பிக் கூண்டைப் பூட்டுகிறோம். தொழிற்சாலை திடீரென்று துளைகளின் இடத்தை மாற்றினால் என்ன ஆகும்? ஸ்கைரிமில் அதுவே நடந்தது. சில மோட்கள் பதிவேட்டோடு நிற்காமல், எஞ்சின் நினைவகத்தில் எந்த இடத்தில் எது இருக்கிறது என்பதை அறிந்து அங்கே தம்மைக் கோத்துக்கொள்கின்றன. 2021 நவம்பர் 11 அன்று, பத்தாம் ஆண்டை ஒட்டி வந்த புதுப்பித்தலில் அந்த இடங்களெல்லாம் மாறிவிட்டன. இத்தகைய மோட்கள் திருத்தப்படும் வரை இயங்கவில்லை. 2023 டிசம்பரில் வந்த புதுப்பித்தலிலும் இதே தொல்லை. ஆகவே நன்றாக ஓடும் ஆட்டத்தைத் தானாகப் புதுப்பித்துக்கொள்ள விடாமல், மோட்கள் திருத்தப்பட்டபின் புதுப்பிப்பது நல்லது.

கோப்பில் ஒளிந்து வரும் திருடன்

மற்றோர் அபாயம் ஆட்டத்தோடு நிற்பதன்று. வண்ணப்படம் வெறும் படம். ஆனால் இயங்கும் மென்பொருளாக வரும் மோட் நம் கணிப்பொறியில் எதையும் செய்யக்கூடும். 2023 ஜூனில் 'மைன்கிராஃப்ட்' ஆட்டத்துக்கான மோட்கள் சிலவற்றில் தீய நிரல் ஒன்று புகுத்தப்பட்டது. 'ஃப்ராக்சரைசர்' எனப் பெயரிடப்பட்ட அது, இணைய உலாவியில் சேமித்திருந்த நுழைவு விவரங்களைத் திருடியது. கணிப்பொறியில் இருந்த பிற மோட் கோப்புகளிலும் தொற்றியது. பலரும் நம்பிப் பயன்படுத்திய தளங்களின் வழியாகவே அது பரவியது.

ஷிப்டு வேலைக்குச் செல்லும் பெற்றோரின் வங்கிக் கணக்கும், பிள்ளையின் பாடமும், ஆட்டமும் ஒரே கணிப்பொறியில் இருக்கும் வீடுகளே நம்மிடையே மிகுதி. அத்தகைய வீட்டில் இழப்பு ஆட்டத்தோடு போகாது. பலராலும் நெடுநாள் ஆடிப் பார்க்கப்பட்ட மோட்களையே எடுக்க வேண்டும். வங்கி விவரங்களை உலாவியில் சேமிக்காமல், ஆட்டத்துக்கெனத் தனிப் பயனர் கணக்கு வைத்துக்கொள்வது நலம். கடவுச்சொல் கேட்கும் மோட்டை அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.

செய்முறை ஒழுங்கு

முதலில் மூல ஆட்டத்தை மோட் ஏதுமின்றி ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பழுது அதிலேயே இருந்தால் மோட்டைக் குறை கூறிப் பயனில்லை.

இரண்டாவதாக, மோட் கோப்புகளை ஆட்டத்தின் கோப்புறைக்குள் நேராகக் கொட்டக் கூடாது. 'மோட் ஆர்கனைசர்', 'வோர்டெக்ஸ்' போன்ற நிர்வாக மென்பொருள்கள் இதற்கென்றே உள்ளன. மோட் ஆர்கனைசர் ஒவ்வொரு மோட்டையும் தனிக் கோப்புறையில் வைத்து, ஆட்டம் ஓடும்போது மட்டும் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதுபோல் எஞ்சினுக்குக் காட்டும். மூலம் தீண்டப்படாமல் இருக்கும்.

மூன்றாவதாக, மோட்டுக்கு முன்தேவை என்ன என்பதை அதன் குறிப்பில் படிக்க வேண்டும். ஒரு பதிவேடு சார்ந்திருக்கும் வேறொரு பதிவேடு இல்லாவிட்டால், ஆட்டம் தொடக்கத் திரை வருமுன்னரே நின்றுவிடும்.

நான்காவதாக, ஒரு முறைக்கு ஒரு மோட் மட்டும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். பெயர், பதிப்பு எண், நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இருபது மோட்களை ஒரே நாளில் சேர்த்து, ஆட்டம் நின்றபின் குற்றவாளியைத் தேடுவது பெருந்தொல்லை. ஏற்று வரிசையை ஒழுங்குபடுத்த 'லூட்' என்னும் இலவச மென்பொருள் உதவும்.

ஐந்தாவதாக, ஆட்டத்தின் நடுவில் மோட்டை நீக்கக் கூடாது. நாம் ஆட்டத்தைச் சேமிக்கும்போது அந்த மோட்டின் பொருள்களும் கட்டளைகளும் சேமிப்புக் கோப்பில் கலந்துவிடுகின்றன. பின்னர் மோட் இல்லாதபோது அந்தக் குறிப்புகள் இல்லாத பொருளைச் சுட்டி நிற்கும். பல மாத ஆட்டம் இவ்வாறு பாழாவதுண்டு. மோட் சேர்க்குமுன் சேமிப்புக் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைத்தால், பழைய நிலைக்குத் திரும்பலாம். மேற்பரப்புப் படங்களை மட்டும் மாற்றும் தொகுதிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவற்றை எப்போதும் நீக்கலாம்.

செலவில்லாத ஒரு சோதனை

ஸ்கைரிமை விலை கொடுத்து வாங்க வேண்டும். அது இல்லாமலே இந்தத் தத்துவத்தைச் சோதிக்க வழியுண்டு. 'மைன்டெஸ்ட்' என்ற பெயரில் வழங்கி, 2024 அக்டோபரில் 'லுவான்டி' எனப் பெயர் மாறிய இலவசத் திறமூல மென்பொருள், எளிய கணிப்பொறியிலும் ஓடும். அதற்கான அடிப்படை ஆட்டத்தில் மண், கல் முதலியவற்றின் படங்கள் 16 × 16 புள்ளிகள் கொண்டவை. மொத்தம் 256 புள்ளிகள்தாம். மண் கட்டியின் படத்தை நகலெடுத்து, ஓவிய மென்பொருள் ஒன்றில் நம் ஊர்ச் செம்மண் நிறம் தீட்டுங்கள். கோப்பின் பெயரை மாற்றாமல் 'டெக்ஸ்சர்' கோப்புறைக்குள் உங்கள் பெயரில் ஒரு கோப்புறை அமைத்து அதில் வையுங்கள். பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து ஆட்டத்தைத் தொடங்கினால், மண்ணெல்லாம் செம்மண்ணாகியிருக்கும். உங்கள் கோப்புறையை நீக்கிவிட்டுப் பாருங்கள். பழைய மண் திரும்பிவிடும். மூலம் அப்படியே இருந்ததற்கு அதுவே சான்று.